“காம்பு ஒடிகிறது” என்றார், நான் கேட்கவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

தேயிலைக்காடு, கோத்தகிரி:
ஆறு வருடம் ஆகியும் உறுத்துகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் அன்று இரவு ஷிப்ட் என் பொறுப்பு. மூன்று நாள் விடாத மழை, கொழுந்தெல்லாம் சொட்டச் சொட்ட வந்தது. வாடுவதற்காகத் தொட்டியில் பரப்பி 14 மணி நேரம் ஆகிவிட்டதால், இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்துக்கு ஏற்றச் சொல்லிவிட்டேன். இலை புரட்டும் அக்கா ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தார். “சார், மேலே இருப்பது வாடவே இல்லை. காம்பு ஒடிகிறது பாருங்கள். வாடிய காம்பு வளையும்.” நான் போனில் மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். “சரி அக்கா, சரி அக்கா” என்று தலையாட்டினேன். அவர் கையை நீட்டியபடியே சற்று நேரம் நின்றார். பிறகு இலையைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனார்.

தூள் செதில் செதிலாக, பச்சை வாடையோடு வந்தது. விடிந்ததும் மேலாளர், “யாருமே சொல்லவில்லையா?” என்றார். அக்கா அங்கேதான் நின்றார், வாய் திறக்கவில்லை. நானும்தான்.

ரோலர் சத்தம், குன்னூர்:
அக்கா மேஸ்திரியிடமும் சொல்லியிருக்கலாமே? எனக்கும் நடந்திருக்கிறது. இலை நசுக்கும் ரோலர் பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. ஒருமுறை இலையை நிறுத்தச் சொல்லி நான் கையை உயர்த்தினேன். புதிதாக வந்த தம்பி, இன்னும் போடச் சொல்வதாக நினைத்து இரண்டு கூடை கவிழ்த்துவிட்டான்.

மலைரயில் வீட்டுப் பெண், வெலிங்டன்:
இலையையே கொண்டுவந்து காட்டியிருக்கிறார், இதற்கு மேல் எப்படிச் சொல்வது? என் அப்பா மலை ரயிலில் பிரேக் பிடித்தவர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, செங்குத்தான இடங்களில் சுமார் 12 அடி போனால் 1 அடி ஏறும். ஏற்றத்தில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். முன்னே இருப்பதை டிரைவர் பார்க்க முடியாது, முதல் பெட்டியில் நிற்பவரின் கொடிதான் அவருக்குக் கண். டிரைவர் விசில் கொடுத்தால் பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க வேண்டும். வீட்டில் சாப்பிடும்போது விசில் கேட்டாலும் அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிடும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தலையாட்டுவதை விட்டுவிடுங்கள். சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்: “மேல் இலை வாடவில்லை என்கிறீர்கள், அப்படித்தானே?” போனில் இருந்தால், “இரண்டு நிமிடம், போய்விடாதீர்கள்” என்றாவது சொல்லுங்கள். ஷிப்ட் மாறும்போது, வருபவர் திருப்பிச் சொன்ன பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள்.

தேயிலைக்காடு, கோத்தகிரி:
மேஸ்திரி அன்று விடுப்பு. அக்கா சொல்வதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை.