பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைகளிடம் ஊர்த் திட்டம் பற்றிக் கேட்ட அனுபவம் உண்டா? புனைபெயரிலேயே பதில் எழுதுங்கள்.

சிவப்பு ஸ்கெட்ச்

ஆறு வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தாம்பரம் ரயில் பாதையை ஒட்டிய ஒரு புறநகர். சாலை மேம்பாட்டுக்கான ஆய்வு. நான் தன்னார்வலன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சார்ட் பேப்பர் கொடுத்து, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள வழியை வரையச் சொல்ல வேண்டும். பையன்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பாதி பேப்பருக்கு கிரிக்கெட் கிரவுண்டு.

ஒரு பெண் மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாள். பென்சிலில் ஒன்று, ரயில்வே சப்வே வழியாக நேராக வீட்டுக்கு. சிவப்பு ஸ்கெட்ச்சில் இன்னொன்று. அது மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், கோயில் வாசல் என்று சுற்றிச் சுற்றிப் போனது.

"இதுல நீ போற வழி எதும்மா?"

"காலைல பென்சில் சார். ஸ்பெஷல் கிளாஸ் விட்டா சிவப்பு."

"ஏன், சப்வேல லைட் இல்லையா?"

"இருக்கு சார். எரியாது."

என்னிடம் இருந்த படிவத்தில் 'வழக்கமான வழி' என்று ஒரே ஒரு கட்டம்தான். மணி நாலாகிவிட்டது, வேன் கிளம்பத் தயாராக நின்றது. 'சப்வே' என்று எழுதிவிட்டேன். மாணவர்கள் பெருமளவில் சப்வேயைப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிக்கையில் வந்தது. என்னைப் போல எத்தனை பேர் அந்தக் கட்டத்தை அப்படி நிரப்பினார்களோ. அந்த சார்ட் இன்னும் என் வீட்டு பீரோ மேல் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கிறது.

கெமிஸ்ட்ரி வாத்தியார்

என்னுடையது கிராம சபை. அக்டோபர் 2. பத்தாம் வகுப்புப் பையன்கள் நாலு பேரைக் கூட்டிப் போனேன், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. சமுதாயக் கூடத்துக்குக் குறித்த இடம் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் மேலேயே இருக்கிறது என்று அவர்களே சைக்கிளில் போய் டேப் வைத்து அளந்திருந்தார்கள். வாய்க்கால் அகலம் மேலே 14 அடி, ஊர் எல்லைக்குள் வந்ததும் 5 அடி. அதை ஒரு தாளில் எழுதி ஒருவன் வாசிக்க எழுந்தான்.

"தம்பிக்கு ஓட்டு இருக்கா?"

மேஜைப் பக்கமிருந்து யாரோ கேட்டார். ஜனம் சிரித்தது. அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இதில் அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே இல்லை. எனக்கு ஓட்டு இருக்கிறது. அந்தத் தாளை வாங்கி நான் வாசித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் முறை வந்தபோது ரேஷன் கடை நேரம் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

ஓசூர் சித்தப்பா

வாத்தியார் சார், எங்களுக்குப் பத்து நிமிடப் பயணத்தில் கர்நாடகம். அங்கே கிராமப் பஞ்சாயத்துகள் பிள்ளைகளுக்கென்றே 'மக்கள கிராம சபெ' நடத்துகின்றன. கன்னடத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள். நாமும் 'மக்கட்பேறு' என்கிறோமே, அதே மக்கள்தான். என் அண்ணன் மகள் அங்கே படிக்கிறாள். பள்ளிக்கு முன்னால் வேகத்தடை வேண்டும் என்று மைக்கில் கேட்டாளாம். தலைவர் சிரித்துக்கொண்டே சரி என்றாராம். இவள் விடவில்லை. "எப்போ?" என்றாளாம். தேதி வாங்காமல் மைக்கைத் தரவில்லை. தேதி வந்தது. வேகத்தடை வந்ததா என்று இன்னும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றவன்_58

எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். நான் நகர் ஊரமைப்பில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். பிள்ளைகளைக் கேட்டால் மெட்ரோ, மேம்பாலம், மால் இந்த மூன்றைத்தான் வரைவார்கள். ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போயிருக்கிறேன், தெரியும்.

என் அனுபவம் சின்னது. ஒரு திட்டக் குழுமத்தில் வரைவு முழுமைத் திட்டத்துக்கு, அதாவது எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் மாஸ்டர் பிளானுக்கு, ஆட்சேபங்கள் வந்தன. அத்தனையும் 'என் சர்வே எண்ணை விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்று' வகை. நடுவில் ஒரு இன்லண்ட் லெட்டர், பதினொன்றாம் வகுப்புப் பையன். 'வரைபடத்தில் எங்கள் ஊரில் பச்சை நிறம் எங்கே?' என்று ஒரே வரி. பார்த்தேன். இல்லை. 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதி அடுத்த தாளை எடுத்தேன்.

சரி, இப்போது உபயோகமாகச் சில விஷயம். வாத்தியார் சார் இரண்டைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் உறுப்பினர், அது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஆள் கேட்டது மரியாதை இல்லாவிட்டாலும் சட்டப்படி சரி. ஆனால் முழுமைத் திட்டம் வேறு. 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவை வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாத அவகாசம் தந்து, எழுத்து மூலம் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்க வேண்டும். யாரிடம்? 'எந்த நபரும்' தரலாம். வயது போடவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையும் நபர்தான்.

எழுதுபவர்கள் கதை எழுத வேண்டாம். வருத்தம், கண்ணீர், நாளைய தலைமுறை, இதெல்லாம் கோப்பில் ஏறாது. சர்வே எண் போடுங்கள். பட்டாவும் புலப்படமும் (நிலத்தின் அளவுப் படம்) இணையத்திலேயே கிடைக்கிறது. புலப்படத்தைப் பிரிண்ட் எடுத்து, வாய்க்கால் எங்கே போகிறது என்று அதன் மேலேயே குறியுங்கள். வரைவில் அந்த இடத்துக்கு என்ன நிறம் என்று பாருங்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு, ஊதா தொழிற்சாலை, பச்சை திறந்தவெளி. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. பத்துக் கோரிக்கை எழுதினால் பத்தாவதை மட்டும் படித்துப் பதில் போடுவார்கள், நானே போட்டிருக்கிறேன். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள். தபால் என்றால் ஸ்பீட் போஸ்ட். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். நாற்பது பிள்ளைகள் எழுதினால் நாற்பது தனி மனுவாகக் கொடுங்கள், ஒரே தாளில் நாற்பது கையெழுத்து வேண்டாம்.

எட்டு போடாதவன்

ஐயா, நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். பதினைந்து வயதில். இப்போது இருபத்து மூன்று. நாங்கள் மால் கேட்கவில்லை.

எங்கள் ஏரியாவில் பூங்கா போடப்போகிறார்கள் என்று பள்ளியில் கூட்டம். ஆளுக்கொரு தொப்பி, மாம்பழ ஜூஸ், குரூப் போட்டோ. எங்கள் குழு மூன்று கேட்டது: மழைக்கு ஒதுங்க, உட்கார்ந்து பேச ஒரு கூரை. பெண்களும் ஆடுகிற மாதிரி ஷட்டில் கோர்ட். பூட்டாத டாய்லெட். எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

திறப்பு விழா முடிந்து போனேன். சீசா, சறுக்கு மரம், 8 வடிவ நடைபாதை. எல்லாப் பூங்காவிலும் இருக்குமே, அதே எட்டு. ஊஞ்சலுக்கு மேல் போர்டு: '12 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏறக் கூடாது.' நாங்கள் ஐந்து பேர் அந்த எட்டின் ஓரத்துக் கட்டையில் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் வாட்ச்மேன் வந்து, "இங்க கும்பலா உக்காரக் கூடாது தம்பி, வாக்கிங் வர்றவங்களுக்கு இடைஞ்சல்" என்றார். ஊஞ்சலுக்கு வயது தாண்டிவிட்டது, ஓட்டுக்கு வயது வரவில்லை.

இன்னொன்று. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைதான். அடுத்தது 2027-இலிருந்து 2046 வரைக்கும். இன்றைக்குப் பதினைந்து வயதுப் பையனுக்கு அது முடியும்போது முப்பத்தைந்து. அந்த ரோட்டில் வண்டி ஓட்டி, வாடகை கொடுக்கப்போகிறவன் அவன்தான். உங்களுக்கு அப்போது என்ன வயது ஐயா?

ஓய்வு பெற்றவன்_58

படம் மாட்டியிருக்கும். மாலை போட்டிருந்தால் சரி. ஆனால் தம்பி, கூட்டத்தில் எழுதி வாங்கினார்களே, உங்களிடம் நகல் இருந்ததா?

எட்டு போடாதவன்

தொப்பி இருக்கிறது.

டான்யூப் கரை

வியன்னாவில் படிக்கிறேன். கூரையும் ஷட்டில் கோர்ட்டும் என்றதும் எழுதத் தோன்றியது. இங்கே தொண்ணூறுகளில் ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பூங்காவிலிருந்து காணாமல் போகிறார்கள் என்று தெரிந்தது. பெரிய மைதானம் ஒன்றே ஒன்று இருந்தால் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள், பெண்கள் ஓரத்துக்குப் போய், அப்புறம் வருவதையே விட்டுவிடுகிறார்கள். 1999-இல் எய்ன்சீட்லர் பூங்காவை மாற்றியமைத்தார்கள். நான் அந்த வழியாகத்தான் போகிறேன். நேற்று நாலைந்து பெண்கள் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். சும்மா. யாரும் விரட்டவில்லை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நான் அப்படி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எப்போதும் யாருக்கோ காத்திருப்பது போல போனைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்

ஐயா, சட்டப்படி சரி என்றீர்கள். இருக்கட்டும். 'பார்வையாளர் பேசட்டும்' என்று தலைவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வானம் இடிந்துவிடுமா? அந்தப் பையன் இப்போது பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறான். தாள் இருக்கிறதா என்று கேட்டேன். அம்மா சட்டையோடு துவைத்துவிட்டாராம்.

சிவப்பு ஸ்கெட்ச்

ஐயா சொன்ன மாதிரி மனுவோடு இணைக்கலாம் என்று இன்று காலை பீரோ மேலிருந்து சார்ட்டை இறக்கிப் பிரித்தேன். சிவப்பு ஸ்கெட்ச் வெளுத்து லேசான ரோஸாகிவிட்டது. மருந்துக்கடையிலிருந்து கோயில் வரைக்கும் கோடே தெரியவில்லை. பென்சில் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஓய்வு பெற்றவன்_58

பழைய கோட்டின் மேல் நீங்கள் வரையாதீர்கள். அந்தப் பெண்ணையே கண்டுபிடித்துப் புதிதாக வரையச் சொல்லுங்கள். இங்க் பேனாவில். தேதி போடச் சொல்லுங்கள்.