வீட்டிலேயே பைண்டு செய்த தொடர்கதைகள்: உங்கள் வீட்டுத் தொகுப்பைப் பற்றிச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து

எங்கள் வீட்டு மச்சில், நெல் குதிருக்குப் பின்னால் இருந்த மர அலமாரியில், அட்டை போட்ட தடித்த தொகுப்புகள் முப்பதுக்கும் மேல் அடுக்கியிருந்தன. அவற்றில் ஒன்றுகூடக் கடையில் வாங்கிய புத்தகம் அன்று. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்தெடுத்துப் பாதுகாத்து, கதை முடிந்ததும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து என் ஆச்சி உருவாக்கியவை. 1983ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், எனக்குப் பதினொரு வயதில், அந்த அலமாரியின் சாவி முதன்முதலாக என் கைக்கு வந்தது. நான் புத்தகம் படிக்கத் தொடங்கியது அங்கேதான்.

கிழிப்பதற்கு வீட்டில் ஒரு முறை இருந்தது. பத்திரிகை வந்த அன்று தாத்தா படிப்பார். பிறகு ஆச்சி, அத்தைமார், அடுத்த வீட்டுக்காரர், எதிர்வீட்டு டீச்சர் என்று ஒரு சுற்று போய், நான்கைந்து நாள் கழித்து முனை மடங்கித் திரும்பி வந்த பிறகுதான் ஆச்சி அதைத் தொடுவாள். பட்டாசலில் உட்கார்ந்து, நடுவிலிருக்கும் பின்களைக் கத்திமுனையால் நிமிர்த்தி எடுத்து, கதைத் தாள்களை மட்டும் பிரித்து, அந்த வாரத் தேதியை மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதி, ஒரு தகரப் பெட்டியில் வரிசையாக வைப்பாள். கதை முடியும் மாதத்தில் மைதா மாவைக் காய்ச்சிப் பசை ஆக்குவார்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில் துத்தம் சேர்ப்பதால், பசை இளநீல நிறத்தில் இருக்கும். தைத்து அட்டை ஒட்டிய தொகுப்பின் மேல் ஒரு பலகையும் அம்மிக் குழவியும் ஏற்றி, இரண்டு நாள் யாரும் தொடக்கூடாது என்பார்கள்.

அந்தத் தொகுப்புகளில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களாக இருந்தது. 1950ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகக் 'கல்கி' வார இதழில் அது வெளிவந்தபோது, மணியத்தின் ஓவியங்களோடு வந்த அதே தாள்கள் அவை. ஆச்சி திருமணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் சேர்க்கத் தொடங்கியதாகச் சொல்வாள். கதையைவிட முதலில் என்னைப் பிடித்துக்கொண்டவை அந்தத் தாள்களின் பின்பக்கங்களே என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லவேண்டும். வந்தியத்தேவன் குதிரையில் போகும் பக்கத்தைத் திருப்பினால் ஒரு சோப்பு விளம்பரமோ, பாதியில் நின்றுபோன ஒரு சிறுகதையோ இருக்கும். விலைகள் எல்லாம் ரூபாய், அணாவில் அச்சாகியிருக்கும். தசம நாணயம் வந்தது 1957இல் என்பதும், அதற்கு முன்பு பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதும் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது அந்தப் பின்பக்கங்களால்தான்.

நான்காம் பாகத்தில் ஒரு வாரத்துப் பக்கங்கள் அச்சுத் தாள்களாக இல்லை. சுற்றுக்குப் போன இதழ் திரும்பி வரவில்லை. ஆச்சி வேறொரு வீட்டிலிருந்து அந்த இதழை ஓர் இரவுக்கு மட்டும் இரவல் வாங்கி, தாத்தாவின் கணக்குப் பேரேட்டிலிருந்து எழுதாத தாள்களைப் பிரித்து, கதை முழுவதையும் பேனாவால் படியெடுத்துச் சேர்த்துத் தைத்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தப்பட்டவள் அவள். எழுத்துகள் தொடக்கத்தில் குண்டு குண்டாகவும், விடியும் நேரத்தில் எழுதியிருக்கக்கூடிய கடைசித் தாளில் சாய்ந்தும் இருக்கின்றன. ஓவியம் இருந்த இடத்தில் அதே அளவுக்குக் கோட்டால் ஒரு கட்டம் போட்டு, உள்ளே 'படம்' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். சிறுமியாக நான் படித்தபோது, இந்தக் கதையின் அந்தப் பகுதியை ஆச்சியே எழுதினாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்படி வீட்டிலேயே கட்டிய தொகுப்புகளோடு வளர்ந்தவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து

எங்கள் அம்மா கிழிக்க விடமாட்டார். தொடர்கதையை மட்டும் பிய்த்தெடுத்துவிட்டு மற்றதைக் கடலை மடிக்கக் கொடுப்பது அநியாயம் என்பது அவருடைய உறுதியான கருத்து. தலையங்கம், துணுக்கு, வாசகர் கடிதம், கோபுலுவின் கேலிச்சித்திரம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு வாரம் என்பார். ஆகவே ஆறு மாத இதழ்களை முழுதாகவே சணல் கயிற்றால் கட்டிப் பரண்மேல் ஏற்றிவைத்தார். அம்மா சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் 1991இல் வீடு மாறியபோது ஒரு கட்டைப் பிரித்தால், உள்ளே கரையான் மண்தான் இருந்தது. மிஞ்சிய கட்டுகளை வண்டியில் ஏற்ற இடமில்லாமல் எடைக்குப் போட்டோம். கிழித்துத் தைத்தவர்கள் வீட்டில் கதையாவது தங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வாழ்பவர்

சகோதரி, உங்கள் ஆச்சியின் கையெழுத்துத் தாள்களைப் பற்றிப் படித்ததும் எங்கள் அப்பாவின் வெற்றுத் தாள்கள் நினைவுக்கு வந்தன.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கும் இந்தியச் சஞ்சிகைகள் வாராவாரம் வந்துகொண்டிருந்தன. உங்களுக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்துவிட்ட திருப்பம் எங்களுக்குச் சற்றுப் பிந்தித்தான் தெரியும் என்பதைத் தவிர, காத்திருப்பதில் வித்தியாசம் எதுவும் இல்லை. பட்டினத்துக் கடையில் சஞ்சிகைக் கட்டு இறங்கிவிட்டதா என்று பார்த்துவரச் சைக்கிளில் என்னை அனுப்புவார்கள். கட்டைப் பிரிக்கும்போது எழும் அச்சு மையின் வாசத்துக்காகவே நான் மறுப்பின்றிப் போவேன். அப்பாவும் தொடர்கதைகளைக் கழற்றிச் சேர்த்துக் கட்டுவார். கட்டுவதற்கு முன் அம்மம்மாவுக்கு முழுவதையும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுவது அவருடைய வழக்கம், ஏனென்றால் அம்மம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது.

1970களின் தொடக்கத்தில், உள்ளூர் எழுத்தையும் பதிப்பையும் வளர்க்கவேண்டும் என்ற நோக்கத்தோடு, இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இலங்கை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. அதனால் நன்மையும் விளைந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். எங்கள் நாட்டு எழுத்தாளர்களின் நாவல்கள் வீரகேசரிப் பிரசுரங்களாக மலிவு விலையில் வெளிவந்ததும், எங்கள் ஊரும் எங்கள் பேச்சும் உள்ள கதைகளை நான் முதன்முதலில் படித்ததும் அந்த ஆண்டுகளில்தான். ஆயினும் எங்கள் வீட்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடர்கதை நடுவிலே நின்றுபோனது. கதாநாயகி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அதற்கு அடுத்த வாரம் எங்களுக்கு வரவேயில்லை. அப்பா ஒரு வருடம் பொறுத்திருந்தார். பிறகு, வந்த மட்டில் கட்டியபோது, கடைசியில் நாற்பது வெற்றுத் தாள்களையும் சேர்த்துத் தைத்தார். மிச்சம் கிடைத்தால் அதிலே ஒட்டலாம் என்றார்.

அம்மம்மா முடிவு தெரியாமலே காலமானார். ஆனால் அதுவரையில் அந்தக் கடிதத்தில் என்ன இருந்திருக்கும் என்று நாங்கள் பின்னேரங்களில் முற்றத்தில் இருந்து பேசியதை நான் மறக்கவில்லை. அம்மம்மா ஒரு முடிவு சொல்வார், அப்பா ஒன்று சொல்வார், நானும் ஒன்று சொல்வேன். மறுநாள் மூவரும் மாற்றிச் சொல்வோம். இங்கே வந்து இருபது வருடங்களுக்குப் பிறகு, ஒரு நூலகத்தின் தமிழ்ப் பகுதியில் அந்தக் கதையின் அச்சுப் புத்தகத்தைக் கண்டு நின்றபடியே கடைசி அத்தியாயங்களைப் படித்தேன். எழுத்தாளர் நன்றாகத்தான் முடித்திருந்தார். அம்மம்மாவின் முடிவே மேல் என்று எனக்குத் தோன்றியது. வெற்றுத் தாள்களுள்ள அந்தத் தொகுப்பு, 1995இல் நாங்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டது.

மதுரையிலிருந்து, பைண்டர் ஒருவரின் மகன்

இங்கே எழுதியவர்கள் வீட்டில் கட்டியவர்கள். நான் பிறருடைய தொடர்கதைகளைக் கட்டிக்கொடுத்த கடையில் வளர்ந்தவன். எங்கள் அப்பா பழைய சந்து ஒன்றில் ஒரே ஒரு அறையில் பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். ஏப்ரல் வரை கணக்குப் பேரேடுகள் குவியும். ஜூனில் பள்ளிக்கூட வேலை தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த மே மாதத்தில்தான் தொடர்கதைக் கட்டுகளுக்குக் கை வரும். அது எனக்கு விடுமுறைக் காலம் என்பது என் நல்லகாலம்.

இந்தத் தொகுப்புகள் ஏன் முழுதாக விரியாது என்று பலர் கேட்பார்கள். சாதாரணப் புத்தகத்தில் பெரிய தாளை மடித்து, மடிப்பின் முதுகில் ஊசி விட்டுத் தைப்பார்கள். அதனால் விரித்து வைத்தால் படியும். வாரப் பத்திரிகையில் ஒரு தாளின் மறுபாதி வேறு எங்கோ பத்துப் பக்கம் தள்ளி இருக்கும். கதையை மட்டும் எடுத்தால் மடிப்பு இல்லாத ஒற்றைத் தாள்கள்தான் மிஞ்சும். அவற்றை அடுக்கித் தட்டி நேராக்கி, ஓரத்திலிருந்து அரை விரற்கடை உள்ளே தள்ளிக் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலை மேலிருந்து கீழாக இழுத்து முடிபோட வேண்டும். அந்த அரை விரற்கடை கதைக்குள்ளிருந்துதான் போகும். வரியின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ முதுகுக்குள் ஒளிந்துகொள்ளும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் படிக்கவேண்டும். இடது கட்டைவிரல் அழுத்திய இடத்தில் எண்ணெய்க் கறை படிந்த தொகுப்பைப் பார்த்தால், அது நிறையப் படிக்கப்பட்டது என்று அப்பா மகிழ்ச்சியோடு காட்டுவார்.

கட்டுகள் பெரும்பாலும் வரிசை குலைந்தே வரும். தேதி எழுதும் வழக்கம் உங்கள் ஆச்சியைப்போல எல்லோருக்கும் இல்லை. வரிசைப்படுத்தும் வேலை எனக்கு. ஒரு வாரத்தின் கடைசி வரியையும் அடுத்த வாரத்தின் முதல் வரியையும் பொருத்திப் பார்த்து அடுக்கவேண்டும். இப்படி மதுரையின் பாதி வீடுகளில் படித்த தொடர்கதைகளை நான் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் படித்திருக்கிறேன். பொருத்துவதற்கு இரண்டு வரி போதும். ஆனால் இரண்டு வரியோடு நிறுத்த யாரால் முடியும்? விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா வந்து பார்க்கும்போது மூன்று வாரம் மட்டுமே அடுக்கியிருப்பேன். அவர் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. "எந்த இடத்தில் இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் பசைக் கிண்ணத்தைக் கழுவப் போய்விடுவார்.

சில கட்டுகளை வாங்கிக்கொள்ள யாரும் வராமலே போனதும் உண்டு. அவை இன்னும் என்னிடம் இருக்கின்றன.

பாளையங்கோட்டையிலிருந்து

ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஒன்று கேட்கத் துணிகிறேன். ஆச்சியின் நான்காம் பாகத்தில் முதுகு விட்டுவிட்டது, தாள்களின் ஓரம் பழுப்பேறித் தொட்டால் உதிர்கிறது, ராமபாணப் பூச்சி அட்டையில் துளையிட்டிருக்கிறது. உள்ளூர்க் கடை ஒன்றில் காட்டினேன். ஓரங்களை இயந்திரத்தில் வெட்டிச் சீராக்கி, புதிய அட்டை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். பேரேட்டுத் தாள்கள் மற்றவற்றைவிட அகலமானவை. ஆச்சி அவற்றை ஓரத்தில் மடித்துவிட்டுத் தைத்திருக்கிறாள், மடிப்பின்மேலும் எழுத்து ஓடுகிறது. கொடுக்கலாமா?

மதுரையிலிருந்து, பைண்டர் ஒருவரின் மகன்

கொடுக்கவேண்டாம் அம்மா. வெட்டினால் மடித்த பகுதியோடு எழுத்தும் போய்விடும். உதிரும் தாளில் மீண்டும் துளையிட்டால் துளைக்குத் துளை கிழியும். பத்திரிகைக் காகிதம் மலிவான மரக்கூழால் ஆனது, அது வெளிச்சத்தில் பழுப்பேறிக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்க முடியும். முதலில் வெயில் நேரடியாகப் படாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், பின்பக்க விளம்பரங்களையும் விட்டுவிடாமல். முதுகு விட்ட தொகுப்பு இப்போதுதான் முழுதாக விரியும், ஒளிந்திருந்த எழுத்துகளும் தெரியும், ஆகவே தைப்பதற்கு அவசரப்படவேண்டாம். பிறகு பசையும் ஒட்டுநாடாவும் எதுவும் போடாமல், கஞ்சி போடாத பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, நிற்க வைக்காமல் படுக்க வைத்து, துணிக்கு வெளியே இரண்டு துண்டு வசம்பு வையுங்கள். சென்னைக்கு வருவதாக இருந்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைப் பாதுகாப்பவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பேரேட்டுத் தாள்களின் மடிப்பைப் பிரிக்கும்போது ஈரக் காற்று இல்லாத நாளாகப் பாருங்கள். மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றை மடிப்புக்குள் நுழைத்து, கீழ் நுனியிலிருந்து மேலே கொண்டுபோகவேண்டும். கட்டம் போட்டிருக்கும் தாளைக் கடைசியாகப் பிரியுங்கள்.