இயங்குதளத்தை மேம்படுத்தியபின் பழைய மடிக்கணினியில் வைஃபை மறைந்தது: அனுபவப் பகிர்வு

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்பிலிருந்து 22.04-க்கு மாறி முடித்ததும் என் பழைய மடிக்கணினியில் வைஃபை அடியோடு காணாமற்போனது. இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது, வேகம் குறைவு என்பன போன்ற குறைகளாக இருந்தால் ரூட்டரைச் சந்தேகிக்கலாம். இங்கோ அமைப்புகள் பக்கத்தில் 'வைஃபை அடாப்டர் எதுவும் இல்லை' என்ற அறிவிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. பெட்டியின் வயதைப் பார்க்கும் எவரும் கார்டு போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றே சொல்வார்கள். எனக்கும் கடையில் அதுவே சொல்லப்பட்டது.

கார்டு உயிரோடு இருக்கிறதா என்பதைப் பெட்டியைத் திறக்காமலே அறியலாம். முனையத்தில் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'என்என்கே' தெரிவுடன் கொடுத்தால், ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்ணும், அதைக் கையாளும் மென்பொருளான இயக்கியின் பெயரும் வரிசையாக வரும். என் கணினியில் பிராட்காம் பிசிஎம்4312 என்ற பெயரும் 14இ4:4315 என்ற எண்ணும் தெளிவாக வந்தன. பயன்பாட்டிலுள்ள இயக்கியைக் குறிக்கும் வரி மட்டும் அதன்கீழ் இல்லை. ஆகவே கார்டு நலம், அதை இயக்கத்தான் ஆளில்லை என்பது உறுதியானது.

இந்தச் சில்லுக்கு லினக்ஸில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிறுவனமே வெளியிட்ட டபிள்யூஎல் என்னும் மூடிய இயக்கி. மற்றொன்று, தன்னார்வலர்கள் எழுதிய பி43 என்னும் திறந்த இயக்கி. நான் முன்பு பயன்படுத்தியது டபிள்யூஎல். அது இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. கர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்னும் ஏற்பாடு அதைப் புதிதாகத் தொகுத்துத் தரவேண்டும். அதற்குப் புதிய கர்னலின் ஹெடர் கோப்புகள், அதாவது அந்தக் கர்னலுக்கேற்ப இயக்கியைத் தொகுக்கத் தேவையான கோப்புகள், கணினியில் இருந்தாக வேண்டும். டிகேஎம்எஸ்ஸின் நிலையைக் கேட்டுப் பார்த்தபோது, பழைய 5.4 கர்னலுக்கு மட்டுமே இயக்கி தொகுக்கப்பட்டிருந்தது, 22.04 கொண்டுவந்த 5.15-க்கு ஹெடர் பொதியே நிறுவப்படவில்லை. இதில் சில்லின்மீது குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஹெடர் பொதியை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர அந்தப் பொதி வேண்டும் என்ற இக்கட்டில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பிவழி வலையமைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. தனி இயக்கி எதுவும் தேவையில்லை. கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாகூடச் செலவாவதில்லை.

இணையம் கிடைத்தபின் டபிள்யூஎல்லையே மீண்டும் தொகுத்திருக்கலாம். அடுத்த கர்னல் வரும்போது இதே கதை திரும்பும் என்பதால் பி43-க்கு மாறுவதே நல்லது என்று முடிவெடுத்தேன். பி43 கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் சில்லுக்குள் ஏற்றவேண்டிய உள்மென்பொருளான ஃபர்ம்வேரை உடன்சேர்த்து வழங்க உரிமம் இடம்தராததால், அதற்கான நிறுவிப் பொதி நிறுவனத்தின் இயக்கிக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரைப் பிரித்தெடுத்து வைக்கிறது. அதை நிறுவி, டபிள்யூஎல்லை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்தும் வைஃபை வரவில்லை.

டிமெசெக் கட்டளை காட்டும் கர்னல் பதிவைப் படித்ததில் விடை இருந்தது. ஃபர்ம்வேர் கிடைக்காமல் போயிருந்தால் 'யூகோடு15' என்ற கோப்பைக் காணவில்லை என்று பி43 சிவப்பெழுத்தில் முறையிட்டிருக்கும். இங்கே பி43 என்ற பெயரே பதிவில் இல்லை. அப்படியானால் இயக்கி தோற்கவில்லை, ஏறவே விடப்படவில்லை என்றுதானே பொருள்? டபிள்யூஎல் பொதி நிறுவப்படும்போது, போட்டியாக வேறு இயக்கி ஏறாதிருக்க பி43, எஸ்எஸ்பி, பிசிஎம்ஏ ஆகிய கர்னல் கூறுகளைத் தடைப்பட்டியலில் எழுதி வைக்கிறது. பொதியைச் சாதாரணமாக 'ரிமூவ்' செய்தால் அதன் அமைவுக் கோப்புகள் அப்படியே தங்கும். 'பர்ஜ்' செய்தால்தான் அவையும் போகும். கூறுகளை ஏற்றுவதற்கான அமைவுகள் இருக்கும் மோட்ப்ரோப் அடைவில் எஞ்சியிருந்த அந்தக் கோப்பை அகற்றியதும் வைஃபை வந்துவிட்டது. 54 எம்பிபிஎஸ்தான் இந்தச் சில்லின் உச்ச வரம்பு. அதற்குமேல் எந்த இயக்கியாலும் கொடுக்க முடியாது.

சற்றே பிந்தைய மடிக்கணினி வைத்திருப்போருக்கு இன்னொன்று. நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், டிகேஎம்எஸ் தொகுத்த இயக்கி சரியாகவே இருந்தாலும், அதற்கான சாவியை மறுதொடக்கத்தின்போது வரும் நீலத்திரையில் பதிந்தால் ஒழிய கர்னல் அதை ஏற்காது. அந்தத் திரை சில நொடிகளில் தானே மறைந்துவிடும்; பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. கார்டு தெரிகிறது, இயக்கியும் சரி, ஆனாலும் வைஃபை இல்லை என்ற நிலையை நான் விண்டோஸில் சந்தித்திருக்கிறேன். 8.1-இலிருந்து 10-க்கு மேம்படுத்திய என் தங்கையின் மடிக்கணினியில், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் இல்லாமல் அடாப்டர் ஒழுங்காகவே இருந்தது. வலையமைப்புகளின் பட்டியல் மட்டும் வெறுமையாக இருந்தது. பக்கத்து வீட்டு வைஃபையின் பெயர்கூட வரவில்லை. இயக்கியை நீக்கி நிறுவுவது, பழைய இயக்கிக்குத் திரும்புவது என்று வழக்கமான வைத்தியங்கள் எதுவும் பலிக்கவில்லை.

அவள் முன்பு வேலை பார்த்த இடத்தில் நிறுவித் தந்த பழைய விபிஎன் (அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும்) மென்பொருளே காரணம். அத்தகைய சில மென்பொருள்கள் வலையமைப்பு அடுக்கின் நடுவே ஒரு வடிப்பான் இயக்கியைச் செருகி வைக்கின்றன. மேம்பாட்டின்போது அந்த வடிப்பான் மட்டும் சரிவரப் புதுப்பிக்கப்படாமல் தங்கிவிட்டால், அடாப்டருக்கும் விண்டோஸுக்கும் இடையே எதுவும் கடந்துவருவதில்லை. மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைத் திரையில் நெட்சிஎஃப்ஜி மூலம் நிறுவப்பட்ட கூறுகளைப் பட்டியலிட்டு, அந்த வடிப்பானை அடையாளம் கண்டு நீக்கியபின் பட்டியல் நிரம்பியது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்' வசதியும் சில சமயம் உதவும். ஆனால் அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் சேர்த்தே அழித்துவிடும் என்பதால், அவற்றை முன்னரே குறித்துக்கொள்ளுங்கள்.

* * *

என் அனுபவத்தையும் சேர்த்துவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததையொட்டி, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு இல்லாததால் 11-க்குப் போக முடியாத மடிக்கணினிகளுக்குத் தெரிந்தவர்கள் கேட்டபோதெல்லாம் லினக்ஸ் போட்டுத் தந்துகொண்டிருக்கிறேன். அவற்றுள் ஒன்றில், கம்பியில்லா இணைப்புகள் தடுக்கப்பட்டுள்ளனவா எனக் காட்டும் ஆர்எஃப்கில் கட்டளையின் பட்டியல், வைஃபை வன்பொருள் வழியாகவே தடுக்கப்பட்டிருப்பதாகக் காட்டியது. அப்படி வந்தால் பக்கவாட்டிலுள்ள சிறு பொத்தானைத் தேடுவது வழக்கம்; அந்த மாதிரியிலோ பொத்தானே கிடையாது. மடிக்கணினியின் சிறப்பு விசைகளைக் கவனிக்கும் கர்னல் கூறு, இல்லாத பொத்தான் அணைந்திருப்பதாகக் கருதிக்கொண்டிருந்தது. அந்தக் கூறை மட்டும் தடைப்பட்டியலில் சேர்த்ததும் வைஃபை வந்தது. திரையின் ஒளியைக் கூட்டும் விசைகள் தொடர்ந்து வேலை செய்தன.

மற்றொன்றில் குறை கணினியிலேயே இல்லை. இயங்குதளத்தை மாற்றிய அதே வாரத்தில் அந்த வீட்டில் ரூட்டரும் மாறியிருந்தது. புதியது 5 கிகாஹெர்ட்ஸ் அலையில், டபிள்யூபிஏ3 என்னும் புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்ற அமைப்பில் இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த கார்டுக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? ரூட்டரில் 2.4-ஐத் தனிப் பெயரில் இயங்கவைத்து, பழைய முறையான டபிள்யூபிஏ2 வைத்துக் கொடுத்தேன். இப்போது அந்த வீட்டுப் பெரியவர் அதில்தான் நாளிதழ் படிக்கிறார்.