215 எப்படி 250-ஐ முந்தும்?

பாளை வாத்தியார்: நேற்று இங்கே ஒருவர், “டார்க், அதாவது மோட்டாரின் முறுக்கு விசை, நியூட்டன் மீட்டரில் அதிகமுள்ள மின்சாரக் கார்தான் பாயும், மற்ற கணக்கெல்லாம் வெறும் பேச்சு” என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. 2022-ல் வந்த டாடா நெக்ஸான் இவி மேக்ஸ் மின்சாரக் காருக்கு டார்க் 250, பவர் 143 பிஎஸ் (குதிரைத்திறன்). பூஜ்யத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 9 விநாடி. 2023-ல் அதையே மாற்றி வந்த நெக்ஸான் லாங் ரேஞ்சுக்கு டார்க் 215, பவர் 145 பிஎஸ், நேரம் 8.9. இரண்டும் கம்பெனியே சொன்ன கணக்கு. டார்க்கில் 35 குறைந்தும் வண்டி ஏன் மந்தமாகவில்லை?

அம்பை மேக்ஸ்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். திருநெல்வேலி கே.டி.சி. நகர் தாண்டி நாலுவழிச் சாலையில் என் மேக்ஸும் மச்சினனின் புது லாங் ரேஞ்சும் ஒரே நேரத்தில் கிளம்பின. ஒரு கார் நீளம் நான் முன்னால் போனேன். 250 என்றால் 250தான்.

பாளை வாத்தியார்: அந்த 250 மோட்டார் தண்டில் இருப்பது. ரோட்டைத் தள்ளுவது டயர். நடுவில் கியர் இருக்கிறது. மோட்டார் டார்க்கைக் கியர் விகிதத்தால் பெருக்கி, சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால்தான் தள்ளும் விசை தெரியும். கியரைச் சொல்லாமல் 250, 215 என்று ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

வள்ளியூர் தம்பி: அண்ணாச்சி, பிக்கப் என்று எதைச் சொல்கிறோம்? சிக்னலில் 0-லிருந்து 40 வரையா, 100 வரையா? அதை முதலில் முடிவு செய்தால் நல்லது.

அம்பை மேக்ஸ்: கியரும் ஆரமும் உங்கள் வகுப்பறையில் இருக்கட்டும். ரோட்டில் முன்னால் போனது 250.

பணகுடிக்காரன்: மச்சினன் வண்டியில் எத்தனை பேர்? சார்ஜ் எவ்வளவு?

அம்பை மேக்ஸ்: நான்கு பேர். சார்ஜ் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்திருக்கும். அதனால் என்ன?

பணகுடிக்காரன்: அதனால்தான் எல்லாம். நான்கு பேர் என்றால் ஓட்டுபவரைத் தவிர 200 கிலோ கூடுதல். சார்ஜ் இறங்கினால் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கும், முழு பவர் வராது. அதோடு எங்கள் ஊர்ப் பக்கம் ஆடிக் காற்றில் ஓட்டிப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் எதிர்காற்றில் 80-க்கு மேல் வண்டி திணறும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்.

அம்பை மேக்ஸ்: கே.டி.சி. நகரில் எங்கே வே ஆரல்வாய்மொழிக் காற்று? காற்றாலை வைத்திருக்கும் ஊர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் காற்றையா சொல்வது?

பணகுடிக்காரன்: கயத்தாற்றிலும் காற்றாலை இருக்கிறது. அதெல்லாம் மூடிய அறைக்குள்ளா சுற்றுகிறது?

பாளை வாத்தியார்: காற்றை விடுங்கள், 215-க்கு வாருங்கள். பவர் என்பது டார்க்கும் சுழற்சி வேகமும் சேர்ந்தது. 250 தரும் 143 பிஎஸ் மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 சுழற்சியிலேயே பவர் எல்லையைத் தொடும். அதற்கு மேல் டார்க் இறங்கத்தான் வேண்டும். 215 தரும் 145 பிஎஸ் மோட்டார் 4,700 வரை தன் டார்க்கை விடாமல் வைத்திருக்க முடியும். அப்புறம் இரண்டுக்கும் பவர் ஏறக்குறைய ஒன்றுதான். 1,500 கிலோ வண்டியை நூறுக்குக் கொண்டுபோகச் சுமார் 580 கிலோஜூல் வேண்டும். 143 பிஎஸ், அதாவது 105 கிலோவாட், முழுதாகக் கிடைத்தாலும் ஐந்தரை விநாடி ஆகும். ஆக, நூறு வரை போகும் நேரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பவரும் எடையும். டார்க் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதை நிறுத்துங்கள்.

அம்பை மேக்ஸ்: அப்படியானால் மகிந்திரா பிஇ 6 மட்டும் ஏன் 6.7 விநாடி? அதற்கு டார்க் 380. நான் சொன்னதுதானே?

பாளை வாத்தியார்: அதற்கு 286 பிஎஸ்ஸும் இருக்கிறதே, அதை ஏன் மறைக்கிறீர்கள்? அதுவும் பின்சக்கர இழுவை. கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, பின்டயர் ரோட்டைப் பிடிக்கிறது. நெக்ஸானுக்கு முன்சக்கர இழுவை. எடை சாயும்போது முன்டயருக்குப் பிடிப்பு குறையும். மணல் கிடக்கும் ரோட்டில் சக்கரம் வெறுமனே சுற்றும், சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் பவரை வெட்டும். அந்த இடத்தில் உங்கள் 250-ஐ வைத்து என்ன செய்வீர்கள்? போன மாதம் டயர் காற்றழுத்தம் பற்றிக் கேட்டபோதும் இப்படித்தான் பாதியில் காணாமல் போனீர்கள்.

அம்பை மேக்ஸ்: காணாமல் போகவில்லை, வீட்டில் விசேஷம். அதை இங்கே இழுப்பது மரியாதை இல்லை. அன்றைக்கு முப்பது என்று தப்பாகச் சொன்னதும் நீங்கள்தான்.

பாளை வாத்தியார்: முப்பத்திரண்டு என்றேன். பழைய பதிவு அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

தாழையூத்து அக்கா: நாலுவழிச் சாலையில் பந்தயம் விட்டதை இவ்வளவு பெருமையாகச் சொல்கிறீர்களே, கோபமாக வருகிறது. அங்கே ஆட்டுக்கிடை குறுக்கே போகும், பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு இதையா சோதித்துப் பார்ப்பது?

அம்பை மேக்ஸ்: அக்கா, ரோடு காலியாக இருந்தது. விடியற்காலை ஐந்து மணி.

தாழையூத்து அக்கா: ஐந்து மணிக்குத்தான் பால்காரர்கள் வருவார்கள். காலி என்று யார் சொன்னது?

வள்ளியூர் தம்பி: 40 வரையா, 100 வரையா என்று கேட்டேன். இன்னும் யாரும் சொல்லவில்லை.

பாளை வாத்தியார்: தம்பி, அதுவும் போதாது. டெஸ்லா மாடல் எஸ் பிளேய்டுக்கு 1.99 விநாடி என்கிறார்கள். முதல் ஓரடி உருளும் நேரத்தைக் கழித்துவிட்டுச் சொல்லும் கணக்கு அது, அதுவும் மணிக்கு 60 மைல் வேகம் வரைக்கும்தான். எங்கிருந்து அளந்தார்கள் என்று பார்க்காமல் விநாடியைப் பேசக்கூடாது. அம்பைக்காரர் அளந்தது கடிகாரத்தில்கூட இல்லை, கண்ணால்.

அம்பை மேக்ஸ்: என் கண்ணுக்கு ஒன்றும் கேடில்லை. ஒரு கார் நீளம். 250.

பணகுடிக்காரன்: இரண்டு வண்டியிலும் ஒரே சார்ஜ், ஒவ்வோர் ஆள், ஒரே டயர் அழுத்தம் வைத்துவிட்டுப் பேசுங்கள் அண்ணாச்சி.

அம்பை மேக்ஸ்: வைத்தாலும் 250தான் முன்னால் போகும். காற்று அடித்தாலும் போகும்.

பாளை வாத்தியார்: 8.9 சிறியதா, 9 சிறியதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அம்பை மேக்ஸ்: 250 பெரியதா, 215 பெரியதா? நீங்கள் முதலில் அதைச் சொல்லுங்கள் வாத்தியாரே.