எலக்ட்ரானை யார் பார்த்தது?

பழைய வாத்தியார்: காலையில் எழுந்ததும் மறுபடி அந்த வீடியோ. "நீங்கள் பார்த்தால் எலக்ட்ரான் துகள், முகத்தைத் திருப்பிக்கொண்டால் அலை, ஆகவே உலகமே உங்கள் மனம்தான்" என்கிறார்கள். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. முப்பது வருடம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவன் கேட்கிறேன்: அந்தச் சோதனையில் எலக்ட்ரானைப் பார்த்த ஆள் யார்?

நிலாமுற்றம்: நேற்று அதை இங்கே போட்டது நான்தான் சார், சுற்றி வளைக்க வேண்டாம். இரட்டைத் துளை சோதனை பொய்யா? எலக்ட்ரான்களை இரண்டு துளை வழியாக அனுப்பினால் திரையில் வரிவரியாகப் பட்டை விழும், எந்தத் துளை வழியாகப் போனது என்று பார்த்தால் பட்டை மறைகிறது என்று பாடப்புத்தகமே சொல்கிறதே.

பழைய வாத்தியார்: பொய் என்று நான் எங்கே சொன்னேன் அம்மா? 1989-இல் ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வகத்தின் டோனோமுரா குழு எலக்ட்ரானை ஒவ்வொன்றாக அனுப்பியது. திரையில் முதலில் பத்துப் புள்ளி, அப்புறம் நூறு, கடுகு சிந்தின மாதிரி. பல்லாயிரம் சேர்ந்த பிறகுதான் வரிவரியாகப் பட்டை தெரிந்தது. அந்தப் படத்தை உலகமே பார்த்தாயிற்று, பட்டை எங்கும் ஓடிப்போகவில்லை. எந்த வழியாகப் போனது என்ற தடயம் எங்காவது பதிந்தால்தான் பட்டை அழியும். அது கருவியில் பதியலாம், வழியில் திரியும் ஒரு வாயு மூலக்கூறில்கூடப் பதியலாம். மூலக்கூறுக்கு மனம் இருக்கிறதா?

கோவை ஃபிட்டர்: வாத்தியாரே, டோனோமுரா சோதனையில் துளையே கிடையாது. இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு மெல்லிய இழை, அதற்கு மின்னழுத்தம். அவ்வளவுதான்.

பழைய வாத்தியார்: இழைக்கு இந்தப் பக்கம் ஒரு வழி, அந்தப் பக்கம் ஒரு வழி. கணக்கு ஒன்றுதான். துளையே வேண்டுமென்றால் 1961, ஜெர்மனியின் ட்யூபிங்கன், யோன்சன். செம்பில் செய்த நிஜப் பிளவுகள்.

கோவை ஃபிட்டர்: அதில் ஒவ்வொன்றாக அனுப்பவில்லை.

பழைய வாத்தியார்: 2013, அமெரிக்காவின் நெப்ராஸ்கா. இரண்டு நிஜப் பிளவு, எலக்ட்ரான் ஒவ்வொன்றாக. போதுமா?

கோவை ஃபிட்டர்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. டோனோமுராவில் துளை இல்லை என்றேன். இல்லைதானே?

நிலாமுற்றம்: துளையை விடுங்கள். கருவி பதிந்தாலும் கடைசியில் படிப்பது மனிதன்தான். இதற்கு மனம் வேண்டும் என்று இயற்பியலாளர் விக்னரே எழுதினார். 1963-இல் நோபல் வாங்கியவர் சார், வாட்ஸாப் ஆசாமி இல்லை.

பழைய வாத்தியார்: எழுதினார். பிற்காலத்தில் அந்தக் கருத்தை அவரே கைவிட்டார். வீடியோக்காரர்கள் முன்பாதியை மட்டும் வெட்டி ஒட்டுவார்கள். மறுபடியும் கேட்கிறேன், யார் பார்த்தது?

சும்மா வந்தவன்: ஒரு சந்தேகம். சுவிட்சைத் தட்டினதும் மின் நிலையத்திலிருந்து எலக்ட்ரான் ஒளி வேகத்தில் ஓடி வருகிறதே, அதைப் பார்த்தால் நின்றுவிடுமா?

கோவை ஃபிட்டர்: எதுவும் ஓடி வருவதில்லை தம்பி. வீட்டுக்கு வருவது ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். எலக்ட்ரான் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் இருந்த இடத்திலேயே ஆடும். பேட்டரியோடு இணைத்த செம்புக் கம்பியில்கூட சாதாரணமாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகராது. வேகமாக வருவது மின்புலம்.

பழைய வாத்தியார்: சராசரி நகர்வு என்று சொல்லிப் பழகுங்கள். கம்பிக்குள் அது தாறுமாறாக அலையும் வேகம் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

கோவை ஃபிட்டர்: எனக்கும் தெரியும். தம்பி கேட்டதற்குப் பதில் சொன்னேன். எல்லா இடத்திலும் சிவப்பு மையோடு வராதீர்கள்.

பழைய வாத்தியார்: சிவப்பு மை வேண்டிய இடத்தில் வரத்தான் செய்யும். கிரகணத்தன்று தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தி, கிரகத்தின் ஈர்ப்பு என்று எழுதியவர் இப்போது குவாண்டம் நடத்துகிறார். அன்றைக்கே நான் திருத்தியிருக்க வேண்டும்.

நிலாமுற்றம்: அதுதானே பார்த்தேன், உலக்கை இன்னும் வரவில்லையே என்று! ஒரு வருடமாக மனசிலேயே வைத்திருந்தீர்களா? உலக்கை நின்றது. ஃபோட்டோ இருக்கிறது.

பழைய வாத்தியார்: மறுநாள் அதே உலக்கையை, அதே தாம்பாளத்தில் நிறுத்திப் பார்த்தீர்களா?

நிலாமுற்றம்: மறுநாள் எதற்கு நிறுத்த வேண்டும்? மறுநாள் கிரகணம் இல்லையே.

சும்மா வந்தவன்: எங்கள் வீட்டு உலக்கை ஆடி மாதம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை நின்றது. அடி தட்டையாக இருந்தால் போதும்.

நிலாமுற்றம்: உங்களை யாரும் கேட்கவில்லை.

பழைய வாத்தியார்: நான் கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை. யார் பார்த்தது?

கோவை ஃபிட்டர்: யாரோ பார்த்துவிட்டுப் போகட்டும். டோனோமுராவில் துளை கிடையாது.