ஷட்டர் ஏறும்போதும் இறங்கும்போதும்: அணையில் நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லஸ்கர் மகள்

அப்பா அணையில் லஸ்கர், ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை. எந்த அணை என்று சொல்லவில்லை, கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஐப்பசி மழை, வெள்ளம் வடிந்து ஷட்டரை இறக்குகிற ராத்திரி. நான் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். கரண்ட் இல்லை, ரெண்டு பேர் கைப்பிடி போட்டுச் சுற்றுகிறார்கள். மற்ற எல்லாரும் டார்ச் அடித்துக் கீழே தண்ணியைப் பார்க்க, அப்பா மட்டும் ஷட்டரைத் தாங்குகிற இரும்பு ரோப்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். திடீரென்று "நிறுத்துங்கடா, ரோப்பு தொய்யுது" என்று ஒரு கத்தல்.

வெள்ளத்தில் வந்த மரக்கட்டை, ஷட்டர் ஏறி இறங்குகிற காடியில் செருகி, ஷட்டர் அங்கேயே சிக்கி நின்றுவிட்டது. இவர்கள் சுற்றச் சுற்ற ரோப்பு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால், கட்டை நழுவுகிற நொடியில் அத்தனை டன்னும் ஒரே வெட்டில் ரோப்பில் விழுந்திருக்கும். அறுந்த ரோப்பு பக்கத்தில் நிற்பவனைச் சும்மா விடாது. அப்பா அந்த ராத்திரியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "மதகுகள் மூடப்பட்டன" என்று செய்தி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் தெரிகிறது.

கொள்ளிடக்கரை

2018 ஆகஸ்ட் 22, திருச்சி பக்கம் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பு. எல்லாருக்கும் தெரிந்ததுதான், 9 ஷட்டர் போனது. எங்களுக்கு வாத்தலைப் பக்கம். அந்த மாசம் 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது கரையில் காவல் இருந்தோம், அப்போது ஒன்றும் ஆகவில்லை. தண்ணி தணிந்து, அப்பாடா என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் போனது. எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான். 1836இல் வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் காலத்தில் போட்ட கட்டுமானம், எத்தனை வெள்ளம் பார்த்திருக்கும்!

விடிந்து போனால் மதகும் இல்லை, மேலே நாங்கள் வண்டியில் போகிற பாலமும் இல்லை. தண்ணிக்குள் ஆட்கள் வரிசையாக நின்று மணல் மூட்டையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன், இருபது வயசு இருக்குமா தெரியாது, கால் இடறி முங்கிவிட்டான். எழுந்தபோது மூட்டை தோளிலேயே இருந்தது. அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுத்தான் முகத்தைத் துடைத்தான்.

மேட்டூரை 100 அடியிலேயே வைத்து, முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தால் அந்த வருசம் இவ்வளவு தண்ணி ஒரே மூச்சில் வந்திருக்காது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

உதவிப் பொறியாளர் (ஓய்வு)

கொள்ளிடக்கரை தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. 2 லட்சம் என்றால் நாளுக்கு 17 டிஎம்சி. மேட்டூர் 120 அடியில் கொள்வது 93.47 டிஎம்சி. நீங்கள் சொல்கிற 100 அடியில் நிறுத்தினால் மேலே காலியாகக் கிடைப்பது 28 டிஎம்சி சொச்சம். அந்த வரத்துக்கு அது ரெண்டு நாள் தாங்காது. அணை மேலே போகப் போக அகலம், 119க்கும் 120க்கும் நடுவிலுள்ள ஒரே அடியில் ஒன்றரை டிஎம்சிக்கு மேல் நிற்கிறது. அந்தத் தண்ணியைக் கடலுக்கு விட்டுவிட்டு, அப்புறம் மழை பொய்த்தால் தஞ்சாவூர்க்காரனுக்கு யார் பதில் சொல்வது? 2012 முதல் 2019 வரை ஒரு வருசம்கூட, பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12இல் மேட்டூரைத் திறக்க முடியவில்லை, மறந்துவிட வேண்டாம். முதல் ரெண்டு நாள் வேகத்தைத் தணிக்க காலி இடம் உதவும், அதை நான் மறுக்கவில்லை.

என் அனுபவம் சின்னது. மேட்டூரில் உபரி நீர் போகிற 16 கண் மதகில் வெள்ளம் போகிறபோது கைப்பிடிச் சுவரைப் பிடித்தேன். அந்த அதிர்வு முழங்கை வரை ஏறியது. கூட வந்த பையன் பேசிக்கொண்டே இருந்தான், அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

லஸ்கர் மகள் அம்மா, உங்கள் அப்பா கையால் பார்த்ததை இன்றைக்கு ரோப்பு தொய்ந்தால் மோட்டாரை நிறுத்துகிற சுவிட்ச் பார்க்கிறது. ஆனால் கரண்ட் போய்க் கையால் சுற்றும்போது சுவிட்ச் யாரை நிறுத்தும்? அதனால் அணையில் ஜெனரேட்டரை மழைக்கு முன்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷட்டர்களை மழைக்காலத்துக்கு முன்பே ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ரோப்புக்கும் சங்கிலிக்கும் கிரீஸ் போட்ட தேதியைச் சுவரிலேயே எழுதி வைக்க வேண்டும். ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். "உபரி நீர் திறப்பு" என்று கேட்டால் இப்போது எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், காலையிலிருந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். தரைப்பாலத்தில் முழங்கால் அளவுதானே என்று வண்டியை இறக்காதீர்கள். ஆடுமாடுகளை வெளிச்சத்திலேயே மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். ஆற்றில் கிடக்கிற, தண்ணி இறைக்கிற மோட்டாரை எடுக்கக் கடைசி நேரத்தில் யாரும் இறங்க வேண்டாம். மோட்டார் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

அணைப்பட்டி மருமகள்

சார், வாங்கிக்கொள்ளலாம் என்று நீங்கள் சுலபமாக எழுதிவிட்டீர்கள். எங்கள் பெரிய மாமனார் அந்த மோட்டாருக்காகத்தான் இறங்கினார். வைகை அணை 66 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5இல் ரெண்டாவது, 69இல் மூணாவது. சைரன் அணையைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கேட்கும். எங்களுக்குத் தண்டோராவும் போனும்தான். 69 என்று தகவல் வந்தபோது ஊரே கரையில் நிற்கிறது, ஆற்றில் பாதி மணல்தான் தெரிகிறது.

அவர் ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டு போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். தண்ணி உயரமாகவெல்லாம் வரவில்லை. முதலில் ஒரு கோடு வந்தது, நுரையும் சருகும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த அழுக்குக் கோடு, நடக்கிற வேகத்தில். "மாமா, ஏறுங்க" என்று நாங்கள் கத்துகிறோம், அவர் கடைசி போல்ட்டை விடவில்லை. இடுப்பளவு வந்த பிறகு கயிறு வீசி இழுத்தார்கள். மோட்டார் வந்தது, அவருடைய ஒரு செருப்பு கூட வரவில்லை. கரையேறி உட்கார்ந்தவர் நடுங்கிக்கொண்டே சொன்னார், "கடன் இன்னும் அடையலம்மா."

நீங்கள் அடியும் கன அடியும் சொல்கிறீர்கள் சார். 5,000 விட்டால் எங்கள் படித்துறையில் எந்தப் படி முங்கும், எத்தனை மணிக்கு முங்கும்? மதுரையில் யானைக்கல் தரைப்பாலம் முங்குவதைப் பார்த்தால் அங்கே எல்லாருக்கும் புரிந்துவிடும். எங்களுக்கும் அப்படி ஒரு அடையாளம் கொடுங்கள். படியில் பெயிண்ட் அடித்தால் போதும், மாமனார் அதைப் பார்த்தே ஏறியிருப்பார்.

ஹோஸ்பேட்டைத் தமிழன்

லஸ்கர் மகள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். இங்கே கர்நாடகத்தில் துங்கபத்திரை அணையில் 2024 ஆகஸ்ட் 10 ராத்திரி 19ஆவது ஷட்டரின் சங்கிலி அறுந்து ஷட்டரே அடித்துக்கொண்டு போனது. மொத்தம் 33 ஷட்டர், அணை கிட்டத்தட்ட நிரம்பி நின்றது. அந்த ஒரு வழியில் போகிற பாரத்தைக் குறைக்க மற்ற ஷட்டர்களையும் திறந்தார்கள். சாகுபடிக்குச் சேர்த்த தண்ணி எல்லாம் கண் முன்னால் போகிறது. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பக்கத்தில் நின்ற ராய்ச்சூர் விவசாயி யாரையும் திட்டவில்லை, "ரெண்டாம் போகம் போச்சு" என்று மட்டும் கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்புறம் கன்னையா நாயுடு வந்தார், ஷட்டர் வேலையில் பழுத்த மனிதர், வயசானவர். தண்ணி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரும்புத் தட்டுகளைத் துண்டு துண்டாகக் கிரேனில் இறக்கி அடைக்கலாம் என்றார். ஒரு வாரத்துக்குள் அடைத்தும் காட்டினார்கள். முதல் தட்டு உட்கார்ந்தது என்று தகவல் வந்ததும் இந்தப் பக்கம் விசிலும் கைத்தட்டலும். அந்த விவசாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அணையில் மீதி எத்தனை டிஎம்சி இருக்கிறது என்று போனில் பார்க்கச் சொன்னார்.