பிரெஞ்சுப் பூச்சி ஆய்வாளர் ஃபாப்ரின் சோதனைகளில் உங்களை இன்னும் விடாமல் துரத்துவது எது?

குழிக்குளவி

எனக்கு மஞ்சள் இறக்கை ஸ்பெக்ஸ் குளவிதான். ஃபாப்ர் யார், பூச்சிகளைக் கவனிக்க அவர் வைத்திருந்த அர்மாஸ் தோட்டம் எங்கே இருக்கிறது என்றெல்லாம் இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, நேரே வளை வாசலுக்கு வருகிறேன்.

குளவி சுவர்க்கோழியை மல்லாக்கத் தள்ளி மூன்று இடத்தில் கொட்டுகிறது. உணர்கொம்பைக் கவ்வி வாசல் வரை இழுத்து வருகிறது. இரையை வாசலிலேயே போட்டுவிட்டு, தான் மட்டும் உள்ளே ஒரு நடை போய்ப் பார்க்கிறது. அந்தச் சில விநாடியில் ஃபாப்ர் சுவர்க்கோழியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுகிறார். வெளியே வந்த குளவி தேடிப் பிடித்து, திரும்ப வாசலுக்கு இழுத்து, திரும்பக் கீழே போட்டு, திரும்பத் தனியாக உள்ளே போகிறது. அவர் திரும்பவும் தள்ளி வைக்கிறார். இப்படி நாற்பது தடவை.

ஒரு வளையில் மூன்று நான்கு அறை. அறைக்கு மூன்று நான்கு சுவர்க்கோழி. முட்டை ஒன்றே ஒன்று, அதுவும் முதல் ஜோடிக் காலுக்கும் இரண்டாம் ஜோடிக் காலுக்கும் நடுவே, மார்பின் குறுக்காக. இத்தனை கணக்காக வேலை செய்கிற பூச்சிக்கு, ‘உள்ளே இப்போதுதானே பார்த்துவிட்டு வந்தேன்’ என்பது ஏன் எட்டவில்லை? அந்த நாற்பதாவது தடவையில்தான் என் மனசு நிற்கிறது.

நாணல்

நாற்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தச் சோதனையை எடுத்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்துகிறார்கள், எனக்கு அதுதான் ஆதங்கம். ஃபாப்ர் இன்னொரு குளவிக் கூட்டத்தில் இதையே செய்து பார்த்தார். அங்கே இரண்டு மூன்று தடவை ஏமாந்ததும் குளவி சுவர்க்கோழியின் மேல் ஏறி நின்று, உணர்கொம்பைப் பிடித்து, உள்ளே போய்ப் பார்க்காமலே நேராக இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. இதையும் அவரேதான் எழுதி வைத்தார். உள்ளுணர்வு மாறாது என்று வாழ்நாளெல்லாம் வாதிட்ட மனிதர், தன் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் அதே இடத்தில் வைத்திருக்கிறார். என்னைத் துரத்துவது அந்தப் பக்கம்தான்.

கூன்வண்டு

குழிக்குளவி ‘மூன்று இடத்தில் கொட்டுகிறது’ என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். கதையே அங்கேதான் இருக்கிறது.

லெயோன் துஃபூர் என்ற மருத்துவர், செர்செரிஸ் குளவியின் வளையில் கிடந்த வண்டுகள் வாரக்கணக்கில் கெடாமல் இருப்பதைப் பார்த்து, குளவியின் நஞ்சு ஊறுகாய்க்கு உப்புப் போல இரையைப் பதப்படுத்துகிறது என்று முடிவு கட்டியிருந்தார். ஃபாப்ர் அதே வகையில் கூன்வண்டு பிடிக்கும் பெரிய செர்செரிஸை எடுத்துப் பார்த்தார். வண்டு சாகவே இல்லை. குடல் வேலை செய்தது, மூட்டுகள் விறைக்கவில்லை, கால் மட்டும் அசையவில்லை. கொடுக்கு இறங்கியது மார்பின் மூட்டில். கால்களை இயக்கும் நரம்பு முடிச்சுகள் இருப்பது அங்கேதான்.

அதோடு விடவில்லை. எழுதும் இரும்பு நிப்பின் முனையில் அம்மோனியா ஒரு சொட்டு எடுத்து, மார்பின் முதல் கண்டத்துக்குப் பின்னால் உள்ள மூட்டில் குத்தினார். கூன்வண்டு, புரெஸ்டிட் வண்டு, சாணி வண்டு மூன்றும் சட்டென்று அசைவற்றுப் போயின. அவற்றுக்கு மார்பு நரம்பு முடிச்சுகள் ஒன்றோடொன்று நெருங்கியோ ஒட்டியோ இருப்பதால் ஒரு குத்து எல்லாவற்றையும் எட்டுகிறது. தரையில் ஓடி வேட்டையாடும் கராபிட் வண்டுகளுக்கு முடிச்சுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அதே சொட்டுக்கு அவை பயங்கரமாகத் துடித்துவிட்டு மெல்லப் பழைய நிலைக்கு வந்துவிட்டன. செர்செரிஸ் குளவிகள் கூன்வண்டையும் புரெஸ்டிடையும் தேடிப் போவதற்கு இதுதான் காரணம் என்றார். சொட்டு கூடிவிட்டால் வண்டு செத்து அழுகிவிடும், அதையும் சொல்லியிருக்கிறார்.

நம் ஊரில் ‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். மண்கூட்டை உடைத்தால் அசையாத புழு, சில நாள் கழித்து உடைத்தால் குளவி. கண்ணால் கண்டது சரிதான், நடுவில் நடப்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை. முட்டையிலிருந்து வந்த குளவிப்புழு உயிரோடிருக்கும் இரையைத் தின்று வளர்கிறது.

ஆனால் ஃபாப்ர் சொன்ன துல்லியம் முழுக்க நிற்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெக்கம் தம்பதியர் புழு பிடிக்கும் அம்மோஃபிலா குளவிகளைக் கவனித்து 1898-இல் எழுதினார்கள். கொட்டுகளின் எண்ணிக்கை குளவிக்குக் குளவி மாறியது, சில இரைகள் செத்தே கிடந்தன, செத்த இரையையும் குளவிப்புழு தின்று வளர்ந்தது. ஆகவே ‘தேர்ந்த அறுவை மருத்துவர்’ என்ற படத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

ஆலங்கொடி

எனக்கு அந்துப்பூச்சி. பெரிய மயில் அந்து இல்லை. ஓர் இரவு ஃபாப்ரின் வீட்டுக்குள் நாற்பது ஆண் அந்துகள் பறந்து வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது ஓக் மரத்து அந்து, அந்தப் பக்கத்தில் அரிதாகக் கிடைத்த இனம்.

பெண் அந்து ஓர் இரவு கம்பிவலை மூடிக்குள், மணல் பரப்பிய தட்டில் இருந்தது. மறுநாள் அதை எடுத்துக் கண்ணாடி மூடிக்குள் வைத்து, ஆண்கள் நுழையும் ஜன்னல் பக்கமாகவே எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். காலியான கம்பிவலையும் மணல் தட்டும் அறையின் மறுகோடியில் கிடந்தன. ஆண்கள் வந்தன. கண்ணாடிக்குள் இருந்த பெண்ணை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் கடந்து போய், காலித் தட்டைச் சுற்றி மணிக்கணக்காகச் சிறகடித்தன.

பெண்ணைப் பெட்டியில் இறுக்கி மூடினால் ஒன்றுகூட வராது, மூடியில் பஞ்சை அடைத்து வைத்தால் வரும். அதாவது காற்று கசிந்தால் போதும். இவ்வளவு கண்டும் அவர் இதைச் சாதாரண ‘மணம்’ என்று துணிந்து சொல்லத் தயங்கினார். அறை முழுக்க நாஃப்தலீன் நெடி ஏற்றியும் ஆண்கள் வழி தவறவில்லையே, மணத்தை மணம் மறைக்க வேண்டாமா என்பது அவர் சிக்கல். உணர்கொம்பில் அந்த ஒரு பொருளுக்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன, நாஃப்தலீன் அவற்றைத் தொடாது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1959-இல் ஜெர்மன் வேதியியலாளர் பூட்டெனான்டின் குழு சுமார் 5 லட்சம் பெண் பட்டு அந்துகளிலிருந்து, ஆணை ஈர்க்கும் பாம்பிகோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்த பிறகுதான் கணக்கு நேரானது. விடைக்கு அவ்வளவு பக்கத்தில் போய் நின்றிருக்கிறார், அதுதான் தாங்கவில்லை.

வேப்பமரத்தடி

ஆலங்கொடி, அந்த வழக்கில் அவர் முடிவு சொல்லத் தயங்கினார், அதனால் தப்பித்தார். சில்வண்டு வழக்கில் தயங்கவில்லை.

ஊர்த் திருவிழாவில் வேட்டுப் போடும் இரண்டு இரும்புக் குழாய்களை வாங்கி, வீட்டு வாசலில் பிளேன் மரங்களின் அடியில் நிறுத்தினார். ஜன்னல் கண்ணாடி உடையாதிருக்கத் திறந்து வைத்தாயிற்று. ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மேலே எத்தனை வண்டு பாடுகிறது, எந்த வேகத்தில் என்று கவனிப்பது அவர்கள் வேலை. முதல் வெடி. பாட்டில் மாற்றமே இல்லை. இரண்டாவது வெடி. அதேதான். சில்வண்டுக்குக் காது மந்தம் என்று எழுதினார்.

சில்வண்டின் வயிற்றுப் பகுதியில் செவிப்பறை இருக்கிறது. அது தன் இனத்தின் பாட்டு அலைவரிசைக்கு ஏற்றது, வேட்டின் ‘டமார்’ பெரும்பாலும் அதற்குக் கீழே. தவிர, ஆண் பாடும்போது தன் சத்தம் தன்னையே தாக்காதபடி செவிப்பறையைத் தளர்த்திக்கொள்கிறது. பாடிக்கொண்டிருக்கும் ஆணிடம் போய்க் கேள்வி கேட்டால் பதில் வராது. பாடாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் ஆணின் பாட்டை ஒலிக்கவிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

செம்மண்

இதுவரை யாரும் பைன் மரத்து ஊர்வலப்புழுவைச் சொல்லவில்லை. 1896 ஜனவரி 30, நண்பகலுக்குச் சற்று முன். பனை வளர்க்கும் பெரிய தொட்டியின் விளிம்பில் புழு வரிசை ஏறி வட்டம் கூடியது. ஏறிவந்த பட்டு இழைத் தடத்தை ஃபாப்ர் தூரிகையால் துடைத்துவிட்டார். முதல் புழு கடைசிப் புழுவின் வாலைத் தொட, தலைவன் இல்லாமல் போயிற்று. ஏழு நாள். தொட்டியின் சுற்றளவு 1.35 மீட்டர், சராசரி வேகம் நிமிடத்துக்கு 9 செ.மீ., ஓய்வு போக நடந்த நேரம் 84 மணி, தூரம் 453 மீட்டர், சுற்று 335. எட்டாம் நாள்தான் இறங்க வழி கிடைத்தது.

எண்களைவிட என்னை உறுத்துவது இரவு. குளிரில் வரிசை அறுந்து புழுக்கள் குவியலாகச் சுருண்டன. காலையில் அறுந்த இடத்தில் புதுத் தலைவன் இருந்தான், விலகிப் போக வழியும் இருந்தது. ஆனாலும் பழைய இழையிலேயே கால் வைத்தான்.

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்கத் துணிகிறவர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கேளுங்கள். மூன்றாம் பருவத்திலிருந்து அந்தப் புழுவின் முதுகில் 0.2 மில்லிமீட்டருக்கும் குட்டையான கொக்கி முடிகள் லட்சக்கணக்கில் இருக்கும். தொட வேண்டியதில்லை, கூட்டைக் குச்சியால் கிளறினாலே காற்றில் ஏறும். காலியான பழைய கூட்டிலும் முடியின் வீரியம் போகாது. கூட்டை எரிக்கவும் கூடாது, சூட்டுக் காற்றில் முடி மேலே கிளம்பும். மேலே பட்டால் சொறியாதீர்கள், சொறிந்தால் முடி இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை வைத்து எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உடுப்பைத் தனியாகச் சூடான தண்ணீரில் துவையுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் மருத்துவரிடம் போங்கள். நாயைக் கூட்டிப் போனால் கயிற்றை விடாதீர்கள். நாய் முகர்ந்து நக்கினால் நாக்கு வீங்கித் திசு செத்துப்போகும், உடனே கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஃபாப்ர் இதைத் தன் கையிலேயே சோதித்தார். புழு உரித்த தோல்களை ஈதரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஒட்டுத்தாளில் ஏற்றி முன்கையில் கட்டிக்கொண்டார். அரிப்பு, வீக்கம், நீர்க்கோப்பு, ஆற வாரக்கணக்கு. அப்போதே வயது 70-ஐத் தாண்டியவர். அதைப் பின்பற்ற வேண்டாம்.

நாணல்

பின்பற்ற வேண்டாத பட்டியலில் காளானையும் சேர்த்துவிடுங்கள். ஃபாப்ர் வாழ்ந்த செரினியான் கிராமத்தார் நச்சுக் காளான்களையும் உப்பு போட்ட கொதிநீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, பலமுறை அலசிச் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை என்று எழுதி, எல்லோருக்கும் அதையே பரிந்துரைத்தார். சாவுக்குடை எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டஸின் அமாடாக்சின் கொதிக்கவைத்தாலும் அழியாது. முதல் வாந்தி பேதி நின்று ஆள் தேறியதுபோல் தெரியும் நேரத்தில் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். அவர் நீர்வண்ணத்தில் வரைந்த காளான் படங்களைப் பாருங்கள், அத்தனை அழகு. சமையல் குறிப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

பட்டுநூல்

குறுக்கே ஒன்று. 1865-இல் லூயி பாஸ்டர், ஃபாப்ர் அப்போது இருந்த அவிஞ்ஞோன் நகருக்கு வந்து ஃபாப்ரிடம் பட்டுக்கூடு கேட்டது. கூட்டைக் காதருகே ஆட்டிவிட்டு, “உள்ளே ஏதோ இருக்கிறதே!” என்று வியந்தார். கூட்டுப்புழு என்றால் என்னவென்றே தெரியாமல் பட்டுப்புழு நோயைத் தீர்க்க வந்த மனிதர். இதைப் பாஸ்டருக்கு எதிரான கதையாகச் சொல்கிறவர்கள் ஃபாப்ரைச் சரியாகப் படிக்கவில்லை. அந்த அறியாமையின் துணிவை அவர் மெச்சினார், தானும் புத்தகத்தை மூடிவைத்துப் பூச்சியையே கேட்பது என்று அதையே வழியாக்கிக்கொண்டார்.

பாஸ்டர் கண்ட வழி எளிது. ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு தாய் அந்தும் தனியாக முட்டையிடட்டும். பிறகு தாயை நசுக்கி நீர்விட்டு அரைத்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார். பளபளக்கும் நீள்வட்டத் துகள் தெரிந்தால் அந்த முட்டைகளை எரி. பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில், தமிழ்நாட்டிலும்தான், தாய் அந்துப் பரிசோதனை என்று இன்றும் செய்வது இதையேதான்.

குழிக்குளவி

நாணல், இரண்டாவது கூட்டத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் குளவி கற்றது ‘இரையை விடாதே’ என்பதை மட்டும்தான். லாங்குடாக் ஸ்பெக்ஸ் என்ற இன்னொரு குளவியின் இரைக்கு உணர்கொம்புகளையும் வாயருகே உள்ள உணரிகளையும் வெட்டிவிட்டபோது, பக்கத்திலேயே ஆறு கால் இருந்தும் காலைப் பிடித்து இழுக்கத் தோன்றாமல் இரையை விட்டுவிட்டுப் போனதே! அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நாணல்

ஒரு குளவி செய்ததை வைத்து இனத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாது என்று சொல்வேன். பல கூட்டங்களில் செய்து பார்க்க வேண்டும்.

சாணியுருட்டி

நீங்கள் இருவரும் முடிக்க மாட்டீர்கள். நான் புனித ஸ்கராப் வண்டைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

உருட்டிக்கொண்டு போகிற உருண்டைக்குள் முட்டை இருக்கிறது என்று எகிப்தியர் காலத்திலிருந்து நம்பினார்கள். ஃபாப்ர் எத்தனையோ உருண்டையைப் பிளந்தும் முட்டை இல்லை, அது வெறும் சாப்பாடு. ஆடு மேய்க்கும் இளைஞன் ஒருவன் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் உண்மை தெரிந்தது. முட்டை இருப்பது தரைக்கடியில், பேரிக்காய் வடிவச் சாணக் கூட்டின் கழுத்தில். நீளம் சராசரி 45 மில்லிமீட்டர், அகலம் 35. கழுத்து நுனியில் மட்டும் பூச்சு இல்லாமல் நார் விட்டிருக்கும், காற்று அங்கேதான் நுழைகிறது. வயிற்றுப் பகுதியை அழுத்திப் பூசிக் கெட்டியாக்குவது உள்ளே ஈரம் காயாமல் இருக்க. கூட்டைத் திறந்த வெளியில் வைத்தால் காய்ந்து இறுகி, புழு பட்டினியில் சாகும். அவர் மூடிய தகரப் பெட்டியிலும் கண்ணாடிச் சாடியிலும் வைத்தது அதனால்தான்.

கூட்டில் கத்தி முனையால் சிறு ஓட்டை போட்டார். உள்ளே இருந்த புழு தலையை அங்கே கொண்டுவந்து பார்த்தது, பின்வாங்கியது, முதுகு மடிந்து பின்புறத்தைத் துளைக்குத் திருப்பியது. காரைபோன்ற தன் கழிவை அப்பி, தட்டையான பின்புறத்தாலேயே கரண்டி வைத்துப் பூசியது போலத் தேய்த்து விட்டது. கொஞ்ச நேரத்தில் கெட்டியாகிவிட்டது. அவர் திரும்ப ஓட்டை போட, அது திரும்ப அடைத்தது.

ஆகஸ்டில் வண்டு உருவாகிவிடும். ஆனால் கூடு அதற்குள் செங்கல் போல இறுகியிருக்கும், உடைக்க முடியாது. செப்டம்பர் மழைக்குக் காத்திருக்க வேண்டும். சில கூடுகளை அவர் அப்படியே காய விட்டார். உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டது, சில நாளில் நின்றது, திறந்தால் வண்டுகள் செத்திருந்தன. ஈரத்துணி சுற்றி மூடிய குழாயில் வைத்த கூடுகள் நெகிழ்ந்தன, வண்டு முதுகால் முட்டிப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. வந்ததும் சாணத்தைத் தேடவில்லை, வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டது.